சூழல் வடிகட்டியா, சூழல் சல்லடையா?

ஓடை மீன்களைப் பற்றிய ஒரு தமிழாக்கத்தைத் திருத்தும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. ‘சுற்றுச்சூழல் வடிகட்டிகள் மீன் சமூகங்களின் பண்புகளை வடிவமைக்கின்றன’ என்ற வாக்கியம் சிறுசிறு மாற்றங்களோடு அதில் ஆறு இடங்களில் இருந்தது. ஆறாவது முறை படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

‘வடிகட்டி’க்கு ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ‘ஃபில்டர்’. கம்பளித் துணியைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துணியில் ஊற்றி வடித்தார்கள், அவ்வளவே. ஓடைச் சூழலியலில் இதை விரிவாக எடுத்தாண்டவர் அமெரிக்கச் சூழலியலாளர் லெராய் பாஃப். ஒரு வட்டாரத்து மீனினங்கள் எல்லாம் எல்லா ஓடைகளிலும் வாழ்வதில்லை. ஆற்றின் வடிநிலம், ஓடைப்பகுதி, கல்லிடுக்கு என ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த தடைகளைத் தம் உடற்கூறாலும் வாழ்முறையாலும் கடந்தவையே ஓரிடத்தில் தங்குகின்றன என்பது அவர் 1997-இல் முன்வைத்த கருத்து.

இதற்கு ‘வடிகட்டி’ ஏன் பொருந்தாது? தமிழில் வடிகட்டுவது என்றாலே சக்கையை ஒதுக்கிச் சாற்றைக் கொள்வதுதான். நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரியை நன்னூல் கடை மாணாக்கனுக்கு உவமையாக்கியது. ‘வடிகட்டின முட்டாள்’ என்று இன்றும் ஏசுகிறோம். இந்தச் சொல்லில் நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு ஊறிக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடையில் கீழுதட்டின் ஒட்டுத்தட்டால் பாறையைப் பற்றிக்கொள்ளும் காரா மீன் நிலைக்கிறது, விரால் நிலைப்பதில்லை. அதனால் விரால் கசடாகிவிடுமா? உயிர்வளி குறைந்த சேற்றுக்குளத்தில் மேலெழுந்து காற்றைச் சுவாசித்துப் பிழைப்பது விரால்தான். ஓடும் நீரின் உயிர்வளிக்குப் பழகிய காரா அங்கே திணறும்.

ஆகவே ‘சூழல் சல்லடை’ என்பதே என் பரிந்துரை. இடியாப்பத்துக்கு மாவு சலிக்கும்போது கீழே விழும் மாவும் வேண்டும், மேலே தங்கும் கப்பியும் கஞ்சிக்கு வேண்டும். எது எங்கே போகிறது என்பதைக் கண்ணின் அளவு முடிவு செய்கிறதே தவிர, பொருளின் தரம் அன்று. கண் பெரிதும் சிறிதுமாகச் சல்லடைகளை அடுக்கலாம் என்பதால் பாஃப் சொன்ன படிநிலையும் இச்சொல்லில் தானே அமைந்துவிடுகிறது. சல்லடை பருமனை மட்டுமே பார்க்கும் என்று ஒரு நண்பர் மறுத்தார். நியாயமான மறுப்புதான், ஆனால் வடிகட்டியும் அதைத்தானே பார்க்கிறது? ‘அரிப்பு’ என்பாரும் உண்டு. அரிசியிலிருந்து கல்லைப் பிரிக்க நீர் விட்டு அரிப்பது அழகான உவமைதான். ஆயினும் ஓடையைப் பற்றிய கட்டுரையில் ‘சூழல் அரிப்பு’ என்று எழுதினால் கரை இடிகிறது என்றோ, தோல் நமைக்கிறது என்றோதான் படிப்பவர் நினைப்பார்.

இதைவிடப் பெரிய பிழை ‘வடிவமைக்கின்றன’. வடிவமைப்பது தச்சரும் பொறியாளரும் செய்வது. நீரின் வேகம், வெப்பம், தரையில் கிடப்பது கூழாங்கல்லா மணலா என்பவை எந்த மீனையும் உட்காரவைத்துச் செதுக்குவதில்லை. இருப்பவற்றுள் சிலவற்றைத் தங்கவிடுகின்றன. பல்லாயிரம் தலைமுறைகளில் உடல் மாறுவது வேறு கதை. அந்தக் கட்டுரை பேசியது அதையன்று. ஓர் ஆங்கில வினைக்கு அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற மொழிபெயர்ப்பாளர்கள், வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே இதைக் கண்டுகொள்வார்கள்.

‘ஓடையின் சூழல், எத்தகைய உடற்கூறு கொண்ட மீன்கள் அங்கே வாழலாம் என்பதைச் சலித்தெடுக்கிறது’ என்று ஆறு இடங்களிலும் மாற்றி, ‘சூழல் சல்லடை’ என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பும் எழுதி அனுப்பினேன். அச்சில் ‘வடிகட்டும் சல்லடை’ என்று வந்திருக்கிறது.