நவ்ராத்தில்: குடும்பப்பெயரான ஒரு வினைமுற்று

நவ்ராத்தில் என்பது செக் மக்களின் குடும்பப்பெயர்களுள் ஒன்று. நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் மிகுதியாக வழங்குகிறது. இதன் பொருள் 'மீண்டான்', போன இடத்திலிருந்து திரும்பி வந்தான் என்பதே. செக் மொழியில் ஆண்பால் ஒருமை இறந்தகால வினை 'ல்' என்று முடியும். 'நவ்ராத்தில் செ' என்றால் 'அவன் திரும்பி வந்தான்' என்ற முழு வாக்கியம். அதிலிருந்த 'செ' என்ற சிறு துணைச்சொல் உதிர, எஞ்சிய வினை பெயராக நின்றுவிட்டது.

நெடுங்காலம் ஊரைவிட்டுப் போயிருந்து, ஒருநாள் வந்து நின்றவனை அக்கம்பக்கத்தார் அப்படிக் குறித்திருப்பார்கள். அடையாளத்துக்குச் சொன்னது பட்டப்பெயராகி, பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1780களில் அந்நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆணைகள் குடும்பப்பெயரைத் தலைமுறை தோறும் மாறாமல் வழங்கச் செய்தபோது, இத்தகைய பெயர்கள் நிலைபெற்றன. மொராவியாவில் இதே வார்ப்பில் பல உண்டு: பொஸ்பீஷில் என்றால் 'விரைந்தான்', விஸ்கொச்சில் என்றால் 'துள்ளிக் குதித்தான்'.

இதைத் 'திரும்பி வந்தவர்' என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பொருள் சரிதான், சொல்லின் உடல் போய்விடுகிறது. நம் இலக்கணத்தில் வினைமுற்றே வினையாலணையும் பெயராகி வேற்றுமை உருபையும் ஏற்கும். 'வந்தான்' வினை; 'வந்தானைக் கண்டேன்' என்னும்போது பெயர். வினையை ஊருக்கும் ஆளுக்கும் பெயராகச் சூட்டுவதும் நமக்குப் புதிதன்று. திருநெல்வேலிக்கு அருகில் கங்கைகொண்டான் இருக்கிறது. வைணவ ஆசாரியர் யாமுனரை ஆளவந்தார் என்றே அழைக்கிறோம். ஆகவே நவ்ராத்திலுக்கு நேரான தமிழ், 'மீண்டான்' என்ற ஒரே சொல்.

பெண்பாலில் ஒரு நுட்பம் உண்டு. நவ்ராத்திலொவா என்பதை 'மீண்டாள்' என்று கொள்ளக் கூடாது. அதற்குச் செக் மொழியில் 'நவ்ராத்திலா' என்று வர வேண்டும். 'ஒவா' உடைமை காட்டும் விகுதி. எனவே நவ்ராத்திலொவா, 'மீண்டான் வீட்டுப் பெண்'.

அந்தப் பெயரை உலகறியச் செய்தவர் டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா. 1956இல் பிராகில் பிறந்தபோது அவர் குடும்பப்பெயர் ஷுபெர்ட்டொவா. பெற்றோர் பிரிந்தபின் தாய் மணந்துகொண்டவர் மிரொஸ்லாவ் நவ்ராத்தில். மார்ட்டினாவின் முதல் பயிற்சியாளரும் அவரே. மாற்றாந்தந்தையின் பெயரையே மகள் சூடிக்கொண்டார். 1975இல் அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் கிறிஸ் எவர்ட்டிடம் தோற்ற கையோடு அமெரிக்காவிடம் தஞ்சம் கேட்டபோது அவருக்கு வயது 18. கம்யூனிஸ்ட் அரசு ஆண்ட தாய்நாட்டுக்குப் பதினோரு ஆண்டுகள் அவர் போகவில்லை. 1986இல் பிராகில் நடந்த, நாடுகளின் மகளிர் அணிகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பைக்கு அமெரிக்க அணியில் ஒருவராக வந்தார். இறுதிப் போட்டியில் செக்கொஸ்லொவாக்கிய வீராங்கனை ஹானா மண்ட்லிகோவாவை வென்றார். கோப்பையும் அமெரிக்காவுக்குப் போனது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 9 முறை வென்றவருக்கு இதைவிடப் பெரிய வெற்றிகள் பல உண்டு. ஆனாலும் அவருடைய பெயர் வினையாக நின்று பொருள்பட்ட ஆட்டம் இதுதான் என்பேன். 2008இல் செக் குடியுரிமையையும் திரும்பப் பெற்றார்.

மீளாமல் போன நவ்ராத்திலும் ஒருவர் உண்டு. இன்றைய ஸ்லொவாக்கியாவிலுள்ள செரெஜில் பிறந்து, பிரான்சின் நீஸ் நகரில் தையற்காரராக இருந்த மிஷெல் நவ்ராத்தில், மனைவியைப் பிரிந்த நிலையில், 1912இல் தம் இரு சிறுவர்களைத் தாயறியாமல் அழைத்துக்கொண்டு டைட்டானிக்கில் ஏறினார். பயணச்சீட்டில் ஹாஃப்மன் என்ற பொய்ப்பெயர். கப்பல் மூழ்கும் இரவில் பிள்ளைகளைப் படகில் ஏற்றிவிட்டு அவர் இறந்தார். பிரெஞ்சு தவிர வேறு மொழி அறியாத அந்தக் குழந்தைகள் யாரென்று நியூயார்க்கில் எவருக்கும் தெரியவில்லை. லோலோ, மோமோன் என்ற செல்லப்பெயர்கள் மட்டுமே வெளிவந்தன. செய்தித்தாளில் வந்த படத்தைக் கண்டு தாய் கடல்கடந்து வந்து அழைத்துப் போனார். பொய்ப்பெயரைக் கொண்டு யூதர் எனக் கருதப்பட்ட தந்தை, கனடாவின் ஹாலிஃபாக்ஸில் யூதர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். மூத்த மகன் மெய்யியல் பேராசிரியராகி 2001வரை வாழ்ந்தார்.

19ஆம் நூற்றாண்டு ஓவியர் யோசெஃப் நவ்ராத்திலின் சுவரோவியங்களைப் பிராகின் அஞ்சல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளில் டேவிஸ் கோப்பையை வென்ற செக் அணியின் தலைவர் யாரொஸ்லாவ் நவ்ராத்தில்.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். செக் எழுத்தின் மேலுள்ள சாய்கோடு நெடிலைத்தான் காட்டும். அழுத்தம் எப்போதும் முதலசையில். குறில் ஒகரமும் நெடில் ஆகாரமும் நம் எழுத்தில் தனித்தனியே இருப்பதால் 'நவ்ராத்திலொவா' என்றே எழுதலாம், 'நவரத்திலோவா' வேண்டாம்.

தமிழர் நன்கறிந்த ஒரு பெயரும் இந்த வார்ப்பில் பிறந்ததே. சங்க இலக்கியத்தை மேலைநாட்டாருக்கு எடுத்துச் சொன்ன பிராக் நகர அறிஞர் கமில் சுவெலபிலின் குடும்பப்பெயர், 'சிறக்கச் செய்தான்' என்று பொருள்படும் செக் வினைமுற்று.