டெக்சாஸ் கிராமத்துக் கவுன்ட்டியில் உங்கள் பெயரில் வாரன்ட் இருக்கிறதா? எந்த ஜன்னலில் கேட்பது?

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வக்கீலான என்னை ஒருவர் அழைத்தார். அமெரிக்கக் குடியுரிமைக்கான படிவத்தை நிரப்ப உட்கார்ந்தவர், கைதானதுண்டா, சைட்டேஷன் (போலீஸ் எழுதித் தரும் டிக்கெட்) வாங்கியதுண்டா என்ற கேள்வியில் நின்றுவிட்டார். நான்கு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில், மேற்கு டெக்சாஸில் ஒரு சின்னக் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), வேகத்துக்காக டிக்கெட் வாங்கியிருக்கிறார். "கட்டிட்டேன்னுதான் சார் நினைக்கிறேன்" என்றார். இணையத்தில் ஆள் தேடித் தரும் தளம் ஒன்றுக்கு 30 டாலர் கட்டி, 'பதிவு எதுவும் இல்லை' என்று ஒரு அறிக்கையும் வாங்கி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை அந்த ஊர் நீதிமன்றக் கிளார்க்கை அழைத்தேன். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்றார். பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் இல்லை. கடைசியில், "குடும்பப் பெயர் இடத்தில் எஃப்-என்-யு என்று மட்டும் போட்டுப் பாருங்கள்" என்றேன். ஒன்றுக்கு இரண்டு வாரன்ட் வந்து நின்றன. வேகத்துக்கு ஒன்று, ஆஜராகாததற்கு ஒன்று.

நம்மில் நிறையப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யு' என்று அச்சாகிறது. சுந்தரம் என்பவர் ஓட்டுநர் உரிமத்தில் 'எஃப்என்யு சுந்தரம்' ஆகிறார். ரோட்டோரத்தில் நின்று டிக்கெட் எழுதும் ட்ரூப்பருக்கும் (மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்), அதைக் கணினியில் ஏற்றும் கிளார்க்குக்கும் இதில் எது அவர் பெயர், எது அப்பா பெயர், எது வெறும் நிரப்பல் என்று தெரிய வழியில்லை. பிறந்த தேதியிலும் இதே கதைதான். நாம் நாளை முதலில் எழுதுவோம், அவர்கள் மாதத்தை. மார்ச் 5 அங்கே மே 3 ஆகிவிடும். அதனால் தேடும்போது பெயரின் எல்லா வடிவங்களையும், தேதியின் இரண்டு வடிவங்களையும் கேளுங்கள். டிக்கெட் கையில் இருந்தால் அந்த எண்ணே போதும், பெயர்ச் சிக்கலே இல்லை. ஆனால் நான்கு வருடம் கழித்து டிக்கெட்டை யார் வைத்திருக்கிறார்கள்?

சரி, எங்கே கேட்பது? டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள் உண்டு. எல்லா வாரன்ட்டையும் ஒரே இடத்தில் பொதுமக்களுக்குக் காட்டும் மாநிலத் தளம் கிடையாது. போலீஸ் பார்க்கும் மாநில, தேசியத் தரவுத்தளங்கள் போலீஸுக்கு மட்டும்தான். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் காசு கட்டித் தேடலாம், ஆனால் அது குற்றத் தீர்ப்புகளின் பட்டியல். வாரன்ட் அதில் வராது. அங்கே பெயர் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர்.

டிக்கெட் கொடுத்தது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஊர் போலீஸ் என்றால் பெரும்பாலும் அந்த ஊரின் முனிசிபல் கோர்ட். நெடுஞ்சாலையில் நிறுத்திய ட்ரூப்பரோ ஷெரிஃபின் (கவுன்ட்டி போலீஸ் தலைவர்) ஆளோ என்றால் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' கோர்ட். ஒரே கவுன்ட்டியில் இப்படிப் பல கோர்ட்டுகள் இருக்கலாம், பிரிசின்க்ட் (கவுன்ட்டிக்குள் ஒரு பகுதி) எண் வைத்துத்தான் பிரித்திருப்பார்கள். ஒன்றில் இல்லை என்றால் அடுத்ததையும் கேட்க வேண்டும். அபராதத்தோடு முடியும் விஷயங்கள் எல்லாம் இங்கேதான். சிறை வரை போகக்கூடிய சிறு குற்றங்கள் கவுன்ட்டி கிளார்க்கிடமும், பெருங்குற்றங்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் இருக்கும். மக்கள்தொகை 8,000-க்குக் கீழே உள்ள கவுன்ட்டிகளில் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்க அரசியலமைப்பே அனுமதிக்கிறது. லவ்விங் கவுன்ட்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 64 பேர்! இப்படிப்பட்ட இடங்களில் கிளார்க் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் ஆபீஸே சாப்பாட்டுக்குப் போன மாதிரிதான். காலையில் கூப்பிடுங்கள். மரியாதையாகப் பேசினால் பெரிய நகரத்தில் கிடைக்காத உதவி இங்கே கிடைக்கும், இது என் அனுபவம்.

எழுத்தில் கேட்பதாக இருந்தால் ஒரு விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டம் ஷெரிஃபைக் கட்டுப்படுத்தும், நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கோர்ட்டுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லி நீளமாக மின்னஞ்சல் எழுதினால், 'எங்களுக்கு அது பொருந்தாது' என்று ஒரு வரியில் பதில் வரும். கோர்ட்டில் வழக்கின் கோப்பைப் பார்க்க வேண்டும், நகல் வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். ஷெரிஃபிடம் கேட்கும்போது எழுத்தில், அவர்கள் குறிப்பிட்டிருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. தர மறுப்பதாக இருந்தால் பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் முடிவு கேட்க வேண்டும். சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட்.

ஆனால் வாரன்ட் எல்லாமே பொதுப் பதிவு என்று நினைக்காதீர்கள். டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கைது வாரன்ட்டும் அதற்கு அடிப்படையான பிரமாண வாக்குமூலமும் பொதுத் தகவல் ஆவது அது நிறைவேற்றப்பட்ட பிறகுதான், அதாவது ஆளைப் பிடித்த பிறகு. நிலுவையில் இருப்பதை ஷெரிஃப் காட்டாமல் இருக்கலாம். சில கவுன்ட்டிகள் தாங்களாகவே பட்டியல் போடுகின்றன, பல போடுவதில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டிக்கெட் விவகாரத்துக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. ஆஜராகாதவர்களின் உரிமத்தைப் புதுப்பிக்க விடாமல் நிறுத்தும் திட்டத்தை டெக்சாஸில் ஆம்னிபேஸ் என்ற நிறுவனம் நடத்துகிறது. அதன் தளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பார்க்கலாம். எல்லாக் கோர்ட்டும் அதில் சேர்ந்திருப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

கிளார்க் 'ஆமாம், இருக்கிறது' என்று சொன்னால் பதறாமல் ஒன்று கேளுங்கள்: இது ஏலியஸ் வாரன்ட்டா, கேபியஸ் ப்ரோ ஃபைனா? முதலாவது, தீர்ப்புக்கு முன் வராமல் போனதற்கு. வழக்கு இன்னும் திறந்திருக்கிறது, பேச இடமிருக்கிறது. இரண்டாவது, தீர்ப்பாகி அபராதம் கட்டாததற்கு. அங்கே வழக்கு முடிந்துவிட்டது. பலர் பயத்தில் உடனே ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வழக்கு திறந்திருக்கும்போது டெக்சாஸில் அப்படிக் கட்டுவது, குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று சொல்லித் தீர்ப்பை ஏற்பதற்குச் சமம். கட்டிய பிறகு என்னிடம் வந்தால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அபராதத்தோடு முடியும் வழக்கில், கைதாவதற்கு முன் நீங்களாகவே கோர்ட்டுக்குப் போய், தீர்த்துக்கொள்ள உண்மையாக முயன்றால் நீதிபதி வாரன்ட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் போக வேண்டியது கோர்ட்டுக்கு, ஷெரிஃப் ஆபீஸுக்கு அல்ல. அங்கே போய் 'என் பேரில் வாரன்ட் இருக்கா?' என்று கேட்டால், இருந்தால் அன்று வீட்டுக்கு வர முடியாமல் போகலாம். அபராதத்தோடு முடியாத பெரிய குற்றச்சாட்டு என்று சந்தேகம் வந்தால் நீங்கள் அழைக்கவே வேண்டாம், வக்கீலை விட்டுக் கேளுங்கள்.

முதல் தேதிக்கு வராதவருக்கு இன்னொரு தேதி சொல்லித் தகவல் தந்த பிறகுதான் இங்கே வாரன்ட் போட வேண்டும். என் கட்சிக்காரருக்கும் கடிதம் போயிருந்தது, அவர் காலி செய்துவிட்டுப் போன அப்பார்ட்மென்ட்டுக்கு. குடியேற்றத் துறைக்கு ஒழுங்காக முகவரி மாற்றம் தெரிவித்திருந்தார். அது அங்கேயே நின்றுவிடும், கோர்ட்டுக்குப் போகாது. ஓட்டுநர் உரிமத்தில் 30 நாளுக்குள் மாற்ற வேண்டியதைத்தான் மறந்துவிட்டார்.

போனில் வரும் மிரட்டல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், உன் பேரில் வாரன்ட், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்' என்பார்கள். எந்தக் கோர்ட்டும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்குவதில்லை. போனை வைத்துவிட்டு, கவுன்ட்டியின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் என்னைப் பார்த்துச் சட்டக் கேள்வி கேட்பவர்களில் இந்தக் கேள்வியோடு வருபவர்களே அதிகம். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பிள்ளைகள் பயத்தில் பணம் கட்டிவிடுகிறார்கள், பிறகு வெளியே சொல்லவும் கூச்சப்படுகிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்காரர் விஷயம் மூன்று வாரத்தில் முடிந்தது. வாரன்ட் இரண்டும் திரும்பப் பெறப்பட்டன, குடியுரிமை மனுவோடு வைக்க நீதிமன்ற முத்திரையிட்ட தீர்வுச் சான்றும் வாங்கினோம். கோர்ட்டில் ரத்தானது போலீஸ் கணினியில் ஏறச் சில நாட்கள் பிடிக்கலாம் என்பதால், திரும்பப் பெற்ற உத்தரவின் நகலைக் காரில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இன்னும் எடுக்கவில்லையாம். டாஷ்போர்டில் பிள்ளையார், அவருக்குக் கீழே கிளவ் பாக்ஸில் அந்தக் காகிதம்.