எது உயரம்? ப்ரூக்ஸ் மலைத்தொடரில் அரை நூற்றாண்டு நீண்ட வழக்கு

அலாஸ்காவின் வடகிழக்கு மூலைக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1950களின் இறுதியில் இரண்டு அளவுகளில் வரைபடம் போட்டது. ஒன்றில் சேம்பர்லின் சிகரம்தான் உயரம். இன்னொன்றில் இஸ்டோ சிகரம். போட்டது ஒரே துறை, காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவின் ஆர்க்டிக் பகுதியில் எந்த மலை உயரம் என்ற எளிய கேள்விக்கு அரசாங்கமே இரண்டு பதில் சொன்னது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இரண்டு பதில்களும் அப்படியே கிடந்தன. நேரில் போய் அளந்து தீர்த்துவிடலாமே என்றால், போவதுதான் அங்கே பெரும்பாடு.

இரண்டு சிகரங்களும் ப்ரூக்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்தவை. மேற்கே சுக்சி கடலோரம் தொடங்கி அலாஸ்காவின் வடபகுதியைக் குறுக்கே கடந்து, கிழக்கே கனடாவின் யூகான் வரை சுமார் 1,100 கிலோமீட்டர் நீள்கிறது இந்தத் தொடர். முழுக்க ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. அதன் தெற்குச் சரிவில் விழும் மழைநீரில் பெரும்பகுதி யூகான் ஆறு வழியாகப் பெரிங் கடலுக்குப் போகும். வடக்குச் சரிவில் விழுவது ஆர்க்டிக் பெருங்கடலுக்கு. தெற்கே பள்ளத்தாக்குகளில் ஸ்ப்ரூஸ் மரக்காடு. முகடு தாண்டி வடக்கே இறங்கினால் கடல்வரை காடு என்பதே கிடையாது. உறைநிலமும் பாசியும் புல்லும்தான்.

இத்தனை நீளத்தையும் குறுக்கே கடக்கிற சாலை ஒன்றே ஒன்று. அதுவும் மலை பார்க்கப் போகிறவர்களுக்காகப் போட்டதல்ல. 1968இல் ப்ரூடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்த பிறகு, குழாய் பதிக்கும் வேலைக்காகப் போடப்பட்ட சரளைச் சாலை. அடிகன் கணவாயில் சுமார் 1,440 மீட்டர் உயரம் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. மேற்கே, சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள 'ஆர்க்டிக்கின் வாயில்கள்' தேசியப் பூங்காவுக்குள் சாலையும் இல்லை, பராமரிக்கிற நடைபாதையும் இல்லை. மலைகளுக்கு நடுவே அனக்டுவுக் கணவாயில் நுனாமியுட் மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே போக விமானம்தான்.

மலைத்தொடர் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும், உயரம் எங்கே குவிந்திருக்கிறது என்பதற்கு அதில்தான் விடை. இந்த மலைகளில் பெரும்பகுதி பழைய கடலடி. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்புப்பாறை இன்று வெள்ளைச் சாம்பல் நிறச் செங்குத்துச் சுவர்களாக நிற்கிறது. அதில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், தெற்கேயிருந்து எரிமலைத் தீவு வளைவு ஒன்று வந்து முட்டியபோது கடலடிப் படிவுகள் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வடக்கு நோக்கி ஏறிக்கொண்டன. அதனால் பல இடங்களில் பழைய பாறை மேலேயும் புதிய பாறை கீழேயும் கிடக்கிறது. படிவு அடுக்குகளைக் கீழிருந்து மேலாகக் காலவரிசைப்படி படித்துப் பழகிய புவியியலாளருக்கு இது தலைகீழ்ப் புத்தகம்.

அப்படி எழுந்த மலை உடனே தேயவும் தொடங்கியது. தேய்ந்த மண்ணும் மணலும் வடக்கே பள்ளத்தில் கிலோமீட்டர் கணக்கில் குவிந்து, அடியில் கிடந்த கரிமப் பாறைகளை ஆழத்துக்கு அமுக்கின. ஆழத்தில் வெப்பம் அதிகம். அந்த வெப்பத்தில்தான் ப்ரூடோ விரிகுடாவின் எண்ணெய் விளைந்தது. ஆக, மலையைக் கடக்கச் சாலை வந்ததற்கே மலை ஒரு காரணம் என்று சொல்லலாம்.

முதல் முட்டல் மட்டும்தான் என்றால் மலை இதற்குள் மழுங்கிப்போயிருக்கும். வடகிழக்கு மூலையில் சுமார் 6 கோடி ஆண்டுகளாக இரண்டாவது சுற்று எழுச்சி நடக்கிறது. 2018 ஆகஸ்ட் 12 அன்று கக்டோவிக் ஊருக்குத் தென்மேற்கே 6.4 அளவில் நிலநடுக்கம் வந்தது. அந்த வடசரிவில் பதிவானவற்றில் அதுவே பெரியது. தள்ளுமுள்ளு இன்னும் ஓயவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதனால்தான் தொடரின் நடுவில் இருக்க வேண்டிய உயரமெல்லாம் ஓர் ஓரத்தில், ஆர்க்டிக் கடற்கரையை ஒட்டிய ரோமன்சாஃப், ஃபிராங்க்ளின் மலைகளில் குவிந்திருக்கிறது. இஸ்டோ, ஹப்லி, மிச்செல்சன் மூன்றும் ரோமன்சாஃப் பக்கம். சேம்பர்லின் அதற்கு மேற்கே, ஃபிராங்க்ளினில். நடுப்பகுதியில் இகிக்பாக் சிகரம் சுமார் 2,523 மீட்டர். நோவாடக் ஆறு அதன் மடியில் பிறந்து மேற்கே ஓடுகிறது. அதன் கிழக்கே அரிகெட்ச் கிரானைட் ஊசிகள். பனியாறுகள் நாலாபுறமும் அரித்துத் தின்றதில் மிஞ்சிய எலும்புகள் என்று அவற்றைச் சொல்லலாம். மலையேறிகள் உயிரைவிடும் அழகு அரிகெட்சில்தான் இருக்கிறது, உயரம் என்னவோ கிழக்கே.

சரி, அந்த உயரத்தை எப்படி அளப்பது?

பழைய வழி முக்கோண அளவீடு. 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய அதே முறை: நீளம் தெரிந்த ஒரு கோடு, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள புள்ளிக்குக் கோணம், மிச்சம் கணக்கு. ப்ரூக்ஸின் வடகிழக்கில் இந்த வேலையைச் செய்தவர் எர்னஸ்ட் லெஃபிங்வெல். 1906 முதல் 1914 வரையான காலத்தில் பல ஆண்டுகள் ஆர்க்டிக் கரையோரத்தில் தங்கி, நாய்வண்டியிலும் படகிலும் திரிந்து வரைபடம் போட்டார். உறைநிலத்துக்குள் பனி ஆப்புபோல இறங்கி வளர்வது எப்படி என்று விளக்கியவரும் அவரே. சேம்பர்லின், மிச்செல்சன் இரண்டும் அவர் சூட்டிய பெயர்கள். ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகப் புவியியலாளர், மற்றவர் ஒளியின் வேகத்தை அளந்த இயற்பியலாளர்.

முறை சுத்தமானது, இடம்தான் ஒத்துழைக்காது. மலையிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் நின்று பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். புவியின் வளைவு காரணமாக மலை, உங்கள் கண்மட்டக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் கீழே இறங்கித் தெரியும். காற்று ஒளியை வளைப்பதால் அதில் சுமார் 70 மீட்டர் திரும்பக் கிடைக்கும். இரண்டையும் கணக்கில் சேர்த்துத் திருத்திவிடலாம், அந்த 70 நிலையாக இருந்தால். ஆர்க்டிக்கில் அது நிலையாக இருக்காது. தரையை ஒட்டிக் கடுங்குளிர்க் காற்று, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று என்ற தலைகீழ் அடுக்கு அங்கே அடிக்கடி அமையும். அப்போது ஒளி வழக்கத்தைவிட அதிகமாக வளையும். தூரத்து மலை காலையில் ஓர் உயரம், மாலையில் இன்னோர் உயரம் காட்டும்.

கருவி இல்லாமல் கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நடுப்பகுதியின் டூனெராக் சிகரம் உதாரணம். 1929 முதல் கோயுகுக் ஆற்றின் வடகிளையில் சுற்றிய ராபர்ட் மார்ஷல், பின்னாளில் அமெரிக்க வனாந்தரப் பாதுகாப்பு இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரானவர், டூனெராக் 10,000 அடிக்கு மேல் இருக்கும் என்று நினைத்தார். உண்மையில் அது சுமார் 7,450 அடிதான். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நெட்டுக்குத்தாக நிற்கிற கறுத்த மலையைப் பள்ளத்தாக்கிலிருந்து அண்ணாந்து பார்க்கிற யாரும் இரண்டாயிரம் அடியைத் தாராளமாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

1950களில் வந்த முறை வான்படம். விமானத்திலிருந்து ஒன்றையொன்று பாதிக்கு மேல் மூடும்படி வரிசையாகப் படம் எடுப்பார்கள். முகத்துக்கு முன் விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் நகரும், பின்னாலுள்ள சுவர் அவ்வளவு நகராது. அதேபோல அடுத்தடுத்த இரண்டு படங்களில் சிகரம் அதிகமாக நகர்ந்திருக்கும், பள்ளத்தாக்கு குறைவாக. நகர்ந்த அளவே உயரம். இதைப் படிக்க ஒரு கருவி உண்டு. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு மற்றது. பார்ப்பவருக்கு மலை புடைத்துத் தெரியும். அந்தப் புடைப்பின் மேல் ஒரு சின்ன ஒளிப்புள்ளி மிதக்கும். சக்கரத்தைத் திருப்பி அந்தப் புள்ளியை இறக்கிக்கொண்டே வந்து, அது தரையை 'தொடுகிற' இடத்தில் நிறுத்தி உயரத்தைக் குறிக்க வேண்டும். பாறையில் வெடிப்பு, நிழல், கல் எதையாவது பிடித்துக்கொள்ளலாம். வெள்ளைவெளேரென்ற பனியில்? புள்ளி தொட்டுவிட்டதா, மேலே மிதக்கிறதா, உள்ளே புதைந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சேம்பர்லினின் உச்சி பனியாறு போர்த்தியது.

இன்னொரு குறை, படங்களைத் தரையோடு கட்டிப்போட உயரம் தெரிந்த சில புள்ளிகள் வேண்டும். அப்படிப்பட்ட புள்ளிகள் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற வனாந்தரத்தில், முழு மலையும் சற்றுச் சாய்ந்தோ தூக்கலாகவோ வரைபடத்தில் உட்கார்ந்துவிடும். வரைபடத்தில் சேம்பர்லினுக்கு 9,020 அடி என்று வந்தது இப்படிப்பட்ட சூழலில்தான். அந்தக் காலத்துக்கு அந்த வரைபடங்களே பெரும் சாதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வழக்கைத் தீர்த்தவர் ஃபேர்பேங்க்ஸைச் சேர்ந்த பனியாற்று ஆய்வாளர் மேட் நோலன். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டிலிருந்து கவனிக்கப்பட்டுவரும் மெக்கால் பனியாற்றில் பல காலம் வேலை செய்தவர். அங்கே ஆய்வுக்கு வந்து 1957இல் இறந்த பனியாற்றியலாளர் ரிச்சர்ட் ஹப்லியின் பெயர்தான் ஹப்லி சிகரத்துக்கு. நோலனின் முறைக்கு 'ஃபோடார்' என்று பெயர். அடிப்படை பழைய வான்படக் கணக்கேதான், மாறியவை இரண்டு. சிறிய விமானத்தில் கடையில் வாங்கக்கூடிய நல்ல கேமரா ஒன்றோடு நில அளவைத் தர ஜி.பி.எஸ். கருவியை இணைத்து, ஒவ்வொரு முறை ஷட்டர் விழும்போதும் கேமரா எங்கே இருந்தது என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் பதிகிறார். கேமரா நின்ற இடம் தெரிந்துவிட்டால் தரையில் கட்டிப்போடும் புள்ளிகள் தேவையில்லை. அடுத்தது, மிதக்கும் புள்ளியை உருட்டும் மனிதருக்குப் பதிலாக மென்பொருள். ஒரே பொட்டு பல படங்களில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று லட்சக்கணக்கான பொட்டுகளுக்குத் தேடிப் பொருத்திவிடும். இன்றைய கேமராவின் உணரி பனியிலும் காற்று வரைந்த மெல்லிய கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது. மென்பொருளுக்கு அது போதும்.

சரிபார்க்க மனிதர் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. எவரெஸ்ட் உட்பட ஏழு கண்டங்களின் உச்சிகளிலிருந்தும் பனிச்சறுக்கில் இறங்கிய கிட் டெலோரியர்ஸ், ஜி.பி.எஸ். கருவியைச் சுமந்துகொண்டு உச்சிக்குப் போனார். இரண்டு அளவும் 20 சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போயின.

ஜி.பி.எஸ். சொல்லும் உயரத்தை அப்படியே எழுதிவிடவும் முடியாது. அது கடல்மட்டத்தைக் காட்டுவதில்லை. புவியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான வழுவழுப்பான கோளமாக வைத்து, அதிலிருந்து தூரத்தைச் சொல்கிறது. கடல்மட்டம் என்பதோ ஈர்ப்பு தீர்மானிக்கிற மேடுபள்ளமான மட்டம், ஜியாய்டு என்பார்கள். கடலே இல்லாத மலைக்கு அடியில் கடல்மட்டம் எங்கே இருந்திருக்கும் என்பதை ஈர்ப்பு அளவீடுகளிலிருந்து மாதிரி கட்டித்தான் சொல்ல முடியும். மாதிரி பிசகினால் உயரமும் பிசகும். நல்ல வேளை, இங்கே போட்டியாளர்கள் அக்கம்பக்கத்தவர்கள். மாதிரிப் பிசகு எல்லோரையும் ஏறக்குறைய ஒரே அளவில் தூக்கும் அல்லது இறக்கும். அதனால் மீட்டர் கணக்கில் சந்தேகம் இருந்தாலும் வரிசையில் சந்தேகம் குறைவு.

2016இல் முடிவு வெளியானது. இஸ்டோ 2,735.6 மீட்டர், முதலிடம். ஹப்லி 2,717.6. சேம்பர்லின் 2,712.3; வரைபடத்தில் ராஜாவாக இருந்தவர் மூன்றாமிடம். மிச்செல்சன் 2,698.1. ஐந்தாவது 2,694.9 மீட்டர், அதற்குப் பெயரே கிடையாது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது இஸ்டோவின் வெற்றி அல்ல. அது 18 மீட்டர் முன்னிலையோடு நிம்மதியாக இருக்கிறது. கீழே உள்ள இடைவெளிகளைப் பாருங்கள். ஹப்லிக்கும் சேம்பர்லினுக்கும் 5.3 மீட்டர். மிச்செல்சனுக்கும் பெயரில்லாத ஐந்தாவதுக்கும் 3.2 மீட்டர். பாறை உச்சி ஓராண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவே மாறும். பனி உச்சி உருகும், குவியும், கீழே வழுகும். உச்சிப் பனி மெலிந்துகொண்டிருப்பதால், 1950களிலிருந்து வரிசை ஏற்கெனவே மாறியிருக்கலாம், இனியும் மாறலாம் என்பது ஆய்வின் கணிப்பு. முதலிடம் மட்டும் இஸ்டோவுக்கு உறுதி. பனியை மலையோடு சேர்த்து அளப்பதுதான் உலக வழக்கம் என்பதால், சேம்பர்லினின் உயரத்தைச் சொல்லும்போது அளந்த ஆண்டையும் பக்கத்தில் எழுதுவது நல்லது.