வால் ஆடுவதை நம்பி மலையேறாதீர்கள்

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, நான் கிளினிக்கைத் திறக்கும் முன்பே வாசலில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றிருந்தது. காரின் பின் சீட்டில் நான்கு வயது லாப்ரடார், 31 கிலோ. இறக்கிவிட்டால் காலைத் தரையில் ஊன்ற மாட்டேன் என்கிறது. மூன்று நாள் ஷெனான்டோவா தேசியப் பூங்கா மலையில் முதுகில் மூட்டையோடு நடந்து, இரவில் கூடாரம் போட்டுத் தங்கி வந்திருக்கிறார்கள். முன்னங்கால் இரண்டிலும் அடித்தோல் காசு அகலத்துக்கு உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. "நேத்து சாயங்காலம் வரைக்கும் வால ஆட்டிக்கிட்டு எங்களுக்கு முன்னாடிதான் ஓடினான் டாக்டர், ஒண்ணுமே காட்டலயே" என்றார் அந்த அம்மா.

காட்டாது. வர்ஜீனியாவில் இந்த மலையடிவாரத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிற எனக்கு, கோடை பிறந்தால் வாரம் ஒருமுறையாவது இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். உங்களோடு இருக்கிற உற்சாகத்தில் நாய் வலியை மறைத்துக்கொண்டு நடக்கும், நீங்கள் நிற்கும்வரை அதுவும் நிற்காது. ஆகவே எப்போது நிற்பது, எங்கே திரும்புவது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே நீங்கள்தான் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

2012 ஆகஸ்டில் கொலராடோவில் நடந்தது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். 4,200 மீட்டருக்கும் மேல் உயரமான பியர்ஸ்டாட் மலையில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பாதம் கிழிந்து நடக்க முடியாமல் போய்விட்டது, வானிலையும் கெட்டது, 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள நாயைத் தூக்கவும் வழியில்லை. உரிமையாளர் அதைப் பாறைகளுக்கு நடுவே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு வேறு மலையேறிகள் கண்ணில் அது உயிரோடு பட, தன்னார்வலர்கள் போய் மாற்றி மாற்றிச் சுமந்து இறக்கினார்கள். உரிமையாளர் மீது வழக்கு, நாய் கைமாறியது. அவரைத் திட்டுவது சுலபம்தான். ஆனால் என்னிடம் வருகிறவர்களிடம் "உங்கள் நாய்க்கு வழியில் கால் போனால் எப்படித் தூக்குவீர்கள்?" என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நாயைத் தோளில் மாட்டிச் சுமப்பதற்கென்றே துணித் தூளி விற்கிறார்கள், மடித்தால் ஒரு சட்டை அளவுதான். அதை வாங்கி, உங்கள் நாயை வைத்து வீட்டு மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். முடியவில்லையா, சரி, எந்த இடத்திலிருந்தும் ரோட்டுக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய பாதையாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் பாதம். கார்ப்பெட்டிலும் புல்வெளியிலும் வளர்ந்த பாதம் கிரானைட்டுக்குத் தாங்காது. எட்டுப் பத்து வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரடான தரையில் நடக்கவிட்டால்தான் தோல் தடிக்கும். நாய்க்கென்று விற்கிற பூட்ஸ் வாங்கினால் அன்றைக்கே மலைக்கு எடுத்துப் போகாதீர்கள், முதல் நாள் கோமாளி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், பழகவே ஒரு வாரம் ஆகும், சரியாகப் பொருந்தாத பூட்ஸே உரசிப் புண்ணாக்கிவிடும். நடக்கும் நாளில் ஒவ்வொரு ஓய்விலும் நான்கு காலையும் தூக்கி, விரலிடுக்கு உட்படப் பாருங்கள். தோல் பளபளவென்று மெலிந்து தெரிந்தாலே அன்றைய நடை முடிந்தது. பாதப் புண் ஆற நாளாகும், ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் அதன் மேல்தானே விழுகிறது.

இங்கே கோடையில் பாதத்தைவிட எனக்குப் பெரிய பயம் வெப்பம்தான். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் பாதி அடைபட்டுப் போகும். சாதாரண வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். நாக்கு அகலமாக வெளியே தொங்குவது, ஈறு செக்கச்செவேல் என்று ஆவது, எச்சில் பிசினாக வடிவது, நடை தள்ளாடுவது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கையில் இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்வியுங்கள், பிறகுதான் ஆஸ்பத்திரி. ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது, அது சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களை இந்த மாதிரி நடைக்குக் கூட்டிப் போகவே வேண்டாம் என்பேன். பெரிய இனக் குட்டிகள் என்றால் எலும்பு முற்ற ஒன்றரை வருடம் வரை பொறுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 20 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருக்கவே சுமார் 660 கலோரி வேண்டும், மலை நடையில் அது மூன்று மடங்கு வரை போகலாம். அப்படியென்றால் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் உலர் தீனி. பத்து நாளுக்கு ஐந்து கிலோவைத் தாண்டும், யார் சுமப்பது? நாய் முதுகில் பை மாட்டலாம்தான், ஆனால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் தின்பண்டப் பொட்டலத்தை அதற்குக் கொடுக்காதீர்கள், உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் விஷம். இங்கே நீண்ட தூரம் நடக்கிறவர்கள் இபுபுரூஃபனைச் செல்லமாக 'வைட்டமின் ஐ' என்பார்கள். மூட்டு வலிக்குத் தான் போட்டுக்கொண்டதில் பாதியை நாய்க்குக் கொடுத்து, ரத்த வாந்தியோடு தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனித வலி மாத்திரை எதுவும் வேண்டாம், கிளம்பும் முன் எங்களிடம் கேட்டு நாய்க்கானதை வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்ணியைச் சொல்லாமல் விட முடியாது. கருங்கால் உண்ணி, மூட்டுகளைத் தாக்கும் லைம் நோயைக் கொண்டுவரும், நாய்களுக்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. உண்ணி மாத்திரையும் உண்டு. இரண்டும் போட்டாலும் ராத்திரி கூடாரத்தில் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கத்தான் வேண்டும்.

விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு அமெரிக்காவின் நெடும் நடைபாதையான அப்பலாச்சியன் பாதை 14 மாநிலங்கள் வழியாக சுமார் 3,500 கிலோமீட்டர், ஆனால் முழுக்க நாயோடு நடக்க முடியாது. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் பாதைக்குள் அனுமதி இல்லை, நாயை வெளியே காப்பகத்தில் விட்டுத்தான் கடக்கிறார்கள். வடகோடியில் இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவிலும் கிடையாது. ஷெனான்டோவாவில் பெரும்பாலான பாதைகளில் விடுவார்கள், அதுவும் ஆறடிக் கயிற்றில். (நம்மவர்கள் ஆசைப்படுகிற ஓல்டு ராக் சிகரத்துக்கு நாய் கூடாது.) கயிறு தண்டனை என்று நினைக்கிறவர்கள் நிறைய. அவிழ்த்துவிட்ட நாய் முன்னும் பின்னும் ஓடி நீங்கள் நடப்பதைப்போல் ஒன்றரை மடங்காவது நடந்துவிடும், நடுவில் கரடியைத் துரத்தும், காப்பர்ஹெட் என்ற விஷப் பாம்பின் மேல் மூக்கை வைக்கும். பாம்பு கடித்தால் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம், முடிந்தால் நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். வழியில் இருக்கிற ஊர்களின் கால்நடை மருத்துவமனை எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் கிடைக்காது.

அந்த லாப்ரடாருக்குக் கட்டுப் பிரித்து நடக்க மூன்று வாரம் ஆனது. செப்டம்பரில் மறுபடி போனார்களாம், அதே மலை, இந்த முறை ஐந்து கிலோமீட்டர். ராத்திரி எனக்கு நான்கு படம் வந்தது. சிகரமோ சூரிய அஸ்தமனமோ இல்லை, நான்கு பாதங்கள்.