கொலம்பேரியம்: புறாக்கூட்டில் ஒரு கலசம்

அத்தை தவறியபோது அத்தான் மெல்பர்னில் இருந்தார். பினாங்கின் பத்து லஞ்சாங்கில் தகனம் முடிந்தது. அவர் வந்துதான் கடலில் கரைக்க வேண்டும். அதுவரை அஸ்தியைக் கொலம்பேரியத்தில், அதாவது அஸ்திக் கலசங்களை வைக்கும் கட்டடத்தில், வைப்பது என்று முடிவாயிற்று. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் தமிழில் எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லில் விரல் நின்றுவிட்டது.

பினாங்குச் சீனர்களுக்கு இது பழகிய இடம். பத்து கந்தோங்கில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், முகப்பில் பெயர்கள், உள்ளே கலசங்கள். நமக்கோ கரைத்துவிடுவதே வழக்கம். வைத்துக்கொள்ள இடம் தேவைப்படவில்லை, சொல்லும் தேவைப்படவில்லை.

லத்தீனில் கொலும்பா என்றால் புறா (கொலம்பஸ் பெயரிலும் இதே புறாதான்). கொலும்பாரியம் என்றால் புறாக்கூடு. பண்டைய ரோமில் பிணத்தை எரித்து, மிஞ்சியதைக் கலயத்தில் இட்டு, நிலத்தடி அறைச் சுவர்களில் வரிசையாகக் குடைந்த பொந்துகளில் வைத்தார்கள். பார்க்க அச்சு அசல் புறாக்கூடு, பெயர் ஒட்டிக்கொண்டது. 1831-இல் ரோமில் கண்டெடுத்த பொம்போனியஸ் ஹைலஸ் என்பவரின் பெயரால் வழங்கும் அறை அப்படிப்பட்டதுதான்.

சரி, தமிழில்? 'சாம்பல் கூடம்' என்றால் அடுப்படி நினைவு வருகிறது. தவிர, கலசத்தில் இருப்பது பெரும்பாலும் சாம்பலே அல்ல. மற்றதெல்லாம் எரிந்துபோக எலும்புதான் மிஞ்சுகிறது; நவீன தகனச்சாலைகளில் அதைப் பொடித்துத் தருகிறார்கள். அஸ்தி என்ற வடசொல்லின் பொருளே எலும்பு. 'எலும்பு பொறுக்கப் போகிறோம்' என்று நம் பெரியவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

'தாழி' என்று தொடங்கலாமா? புறநானூறு 256-இல் கணவனை இழந்தவள், தானும் அடங்கும்படி அகலமான ஈமத்தாழி வனையச் சொல்லிக் குயவனிடம் கேட்கிறாள். அது ஆள் கொள்ளும் தாழி. நம் கலசமோ கையில் அடங்குவது.

என் தேர்வு மாடம். பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கக் குடைந்த குழி மாடம். கோபுரத்து மாடங்களில் அடையும் புறா மாடப்புறா. லத்தீன் சுற்றி வந்த வழி முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது! ஆக, அஸ்தி மாடம். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் ஈமமாடம் எனலாம். எனக்கு அது கொஞ்சம் விறைப்பாகப் படுகிறது.

டோக்கியோவில் இப்போது அட்டையைக் காட்டினால் கலசமே தானியங்கித் தடத்தில் நகர்ந்து நம் முன் வந்து நிற்கும் கட்டடங்கள் இருக்கின்றன. கலசம் ஏதோ ஒரு கிடங்கில், நாம் வேறொரு தளத்தில். அங்கே மாடம் பொருந்துமா என்றால், கொலம்பேரியமும்தான் பொருந்தாது. புறா பறந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

கடைசியில், "அத்தையின் அஸ்தி மாடத்தில் இருக்கிறது, அத்தான் வந்ததும் கரைக்கிறோம்" என்று அனுப்பினேன். சித்தப்பாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "எத்தனாவது மாடியில்?"