பழைய பங்குக் கோயில் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

இங்கிலாந்தின் கிராமங்களில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பங்குக் கோயில்கள் (ஊராருக்கான கிறிஸ்தவ தேவாலயங்கள்) ஏராளம். அவற்றின் சுவர் பெரும்பாலும் மூன்று அடுக்கு: வெளியே ஒரு கல் முகம், உள்ளே ஒன்று, நடுவில் சுண்ணாம்புக் காரையோடு கொட்டிய உடைகல். அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், சாரலும் நனைக்கும். கல்லைவிட மென்மையான சுண்ணாம்புக் காரை வழியாக அது வெளியே உலர்ந்துவிடும்.

கல்லிடுக்கில் சிமெண்ட் வைத்தால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் கல்லுக்குள் திரும்புகிறது. அதோடு வரும் உப்பு கல்லின் மேற்பரப்புக்கு அடியில் படிகமாகிறது. குளிர்காலத்தில் உறைபனியும் சேர்ந்துகொண்டால் முகம் ஏடு ஏடாக உதிரும். சிமெண்ட் வரிகள் துருத்தி நிற்க, கல் குழிந்துபோன சுவரைப் பார்த்தால் காரணம் இதுதான்.

குளோஸ்டர்ஷயரில் உள்ள கெம்ப்ளி புனித மரியாள் கோயிலை நினைத்துப் பாருங்கள். பீடப்பகுதியின் வளைகூரையில் 1120 வாக்கில் ஈரச் சுதைமேல் தீட்டிய ஓவியங்கள்: மாட்சியில் வீற்றிருக்கும் கிறிஸ்து, இருபுறமும் திருத்தூதர்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள் பிடிபட்டுவிடும். பிற்காலத்தில் அவற்றின்மேல் வெள்ளையடித்து மறைத்தார்கள். அதுவும் சுண்ணாம்பு என்பதால் ஈரம் தேங்கவில்லை, ஓவியம் பிழைத்தது. 1872இல் கண்டெடுத்த பிறகு, பாதுகாக்கும் எண்ணத்தில் அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அது கறுத்துப்போனது, 1950களில் பாடுபட்டு அகற்ற வேண்டியதாயிற்று. ஈரம் புகாத எந்தப் பூச்சையும் இந்தச் சுவர்களுக்குப் பரிந்துரைப்பவரை நாங்கள் நம்புவதில்லை.

இடுக்கு நிரப்பும் முறை இது. உளியால் கையாலேயே தோண்டுங்கள். ஆழம் இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். மின்சாரக் கிரைண்டரால் வெட்டினால் அது கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். பழைய சிமெண்ட் கல்லோடு பெயர்ந்து வருமானால், தானாகத் தளரும்வரை விட்டுவிடுவதே மேல். தூசியைத் துலக்கி, நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்த காரையை அழுத்தி நிரப்புங்கள். கல் முகத்துக்குச் சற்று உள்ளேயே நிற்கட்டும். பாதி இறுகியதும் கெட்டித் தூரிகையால் தட்டினால் மேற்பரப்பு திறந்துகொள்ளும். பிறகு பல நாள் ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். அவசரமாக உலர்ந்த காரை விரலால் தேய்த்தாலே மாவாகும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில் தொடவே கூடாது.

கோயிலைச் சுற்றி நூற்றாண்டுக்கணக்கில் இறந்தவர்களைப் புதைத்துப் புதைத்து வெளியே மண்மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருப்பதும் உண்டு. அந்த ஈரத்தை வடிக்க வடிகால் வெட்டினால் எலும்புகள் வரும். மறைமாவட்ட அனுமதியும் தொல்லியலாளரும் இல்லாமல் மண்வெட்டி எடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், பெருமழையில் குடை பிடித்துக் கோயிலை ஒரு சுற்று வாருங்கள். இலையடைத்த கூரையோர மழைநீர்ப் பீலியிலிருந்து தண்ணீர் எந்த இடத்தில் சுவரில் வழிகிறதோ, வேலையை அங்கே தொடங்குங்கள்.