அடுப்பில் கடுகு, மனசில் மாங்காய்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அக்கா, தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போவார். வேலியோரம் மாங்காய் கண்ணில் படும். மாங்காய் என்றதும் ஊறுகாய், ஊறுகாய் என்றதும் டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் சித்திக்குத் திருப்பித் தர வேண்டிய ஜாடி, ஜாடி என்றதும் சித்தி மகள் கல்யாணத்துக்கு இன்னும் தைக்காத ரவிக்கை. அதற்குள் அடுப்பில் கடுகு கருகிவிடும். மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், நாற்பது தாண்டிய அக்காவுக்கும் அதுவே என்று தெரிந்தது. இப்படி நடப்பது சகஜம். உயரத்தைப் போலவே இதிலும் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெயரில்தான் கவனக்குறைவு, அக்காவுக்குக் கவனம் நிறையவே உண்டு. பிடித்த வேலை என்றால் ராத்திரி இரண்டு மணி வரை தலை நிமிர மாட்டார். அதை எங்கே வைப்பது என்பதுதான் அவர் கையில் இல்லை.

நாம் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள அது, ஓய்வில்கூட உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. பழைய நினைவு, நாளைய கவலை, 'அவள் ஏன் அப்படிச் சொன்னாள்' என்பதையெல்லாம் அசைபோட ஒரு வலையமைப்பே இருக்கிறது. 2001-இல் அமெரிக்காவின் மார்கஸ் ரெய்ச்லே குழு இதை மூளையின் இயல்புநிலை என்று விளக்கியது. ஒரு வேலையில் இறங்கியதும் இது தணிய வேண்டும். ஏடிஎச்டி மூளையில் சரியாகத் தணியாமல் வேலைக்கு நடுவே தலை நீட்டுகிறது என்பது, 2007-இல் எட்மண்ட் சொனுகா-பார்க்கும் சேவியர் காஸ்டெல்லானோஸும் முன்வைத்த கருதுகோள். பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இதற்கு ஒத்துப்போகின்றன, எல்லாமும் அல்ல. தைப்பூசக் காவடியன்று ஒரே தெருவில் இரண்டு கோயில் ஒலிபெருக்கிகள் சேர்ந்து அலறினால் எப்படி? ஏறக்குறைய அப்படி.

தணிக்க வேண்டிய பொறுப்பில் பெரும்பகுதி நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதிக்கு. அதற்கு டோபமைனும் நார்அட்ரினலினும் அளவாகக் கிடைக்க வேண்டும். வெளியான இந்த வேதிப்பொருள்களை நரம்பு செல்கள் உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை தடுக்கிறது. ஊக்க மருந்து எப்படி ஆளை அமைதியாக்கும் என்று கேட்கலாம். இங்கே ஊக்கம் பெறுவது அடக்கி ஆளும் பகுதி. 1944-இல் இதை உருவாக்கிய லியாண்ட்ரோ பானிசோன், மனைவி ரீட்டாவின் பெயரை வைத்துத்தான் ரிட்டலின் என்றார். அந்த அம்மாள் டென்னிஸ் ஆடப் போகுமுன் ஒன்று போட்டுக்கொள்வாராம்! தென்னாப்பிரிக்காவில் இது 6-ஆம் அட்டவணை மருந்து. பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்க முடியாது. மறதிக்காரர்களைப் பார்த்து, மறக்காமல் மாதாமாதம் புதுச் சீட்டு கொண்டுவா என்கிறார்கள். யார் யோசித்ததோ!

சரி, எண்ணம் ஓடுகிறவர்களுக்கெல்லாம் ஏடிஎச்டியா? இல்லை. சில நாள்களாகத்தான் இந்த ஓட்டம், தூக்கமே தேவைப்படவில்லை, பணம் தண்ணீராய்ச் செலவாகிறது என்றால் அது, மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். ஒரே பயம் சுற்றிச் சுற்றி வந்தால் பதற்றக் கோளாறையும் பார்க்க வேண்டும். ஏடிஎச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நரை விழுந்தவர்களிடமும் மனநல மருத்துவர் பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டைக் கேட்கிறார்.